அறுந்ததா, அறுத்ததா? இணையச் சதுரங்கத்தில் துண்டிப்பும் தரப்புள்ளியும்

2020 ஆகஸ்ட் மாத இறுதியில், ஒரே போட்டித் தொடருக்குள், சில நாள் இடைவெளியில், இணைய இணைப்பு அறுந்த ஆட்டங்கள் குறித்து இரு வேறு தீர்ப்புகள் வெளியாயின. பெருந்தொற்றுக் காலத்தில் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே முதன்முறையாக நடத்திய இணைய ஒலிம்பியாட் அது. காலிறுதியில் இந்தியாவின் நிஹால் சரீனுடன் ஆடிக்கொண்டிருந்த ஆர்மீனியாவின் ஹைக் மார்ட்டிரோஸ்யானுக்கு இணைப்பு அறுந்தது, கடிகாரம் ஓடி முடிந்தது, தோல்வி பதிவாயிற்று. ஆர்மீனியாவின் மேல்முறையீடு தள்ளுபடி செய்யப்பட்டது. அந்த அணி இரண்டாம் சுற்றை ஆட மறுத்துப் போட்டியிலிருந்து விலகியது. ஆகஸ்ட் 30 அன்று ரஷ்யாவுக்கு எதிரான இறுதிப்போட்டியின் இரண்டாம் சுற்றில் அதே நிஹால் சரீனுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் இணைப்பு அறுந்தது. இருவரும் காலம் கடந்து தோற்றதாகப் பதிவாயிற்று. இந்தியா மேல்முறையீடு செய்தது. முடிவில் இரு நாடுகளுமே தங்கப்பதக்கத்துக்கு உரியவை என அறிவிக்கப்பட்டது.

ஓர் இளைஞர், ஒரே வாரத்தில், துண்டிப்பின் பயனையும் இழப்பையும் அடைந்தார். இரண்டிலும் அவர் செய்த நகர்த்தல்களுக்கும் அந்த முடிவுகளுக்கும் தொடர்பில்லை. பதக்கங்கள் பற்றிய விவாதம் விரைவில் ஓய்ந்தது. அதற்கு அடியில் இருந்த கேள்வி ஓயவில்லை. நகர்த்தலைச் சுமந்து செல்லும் ஊடகம் பழுதானால் அந்தப் பழுது யாருடையது? அதற்கு ஆட்டத்தை இழப்பது ஒன்று, தரப்புள்ளியை இழப்பது வேறொன்றா? பார்வையாளர் எவருமின்றி நாள்தோறும் நடக்கும் எண்ணற்ற இணைய ஆட்டங்களில் இக்கேள்வி எழுகிறது. அங்கே மேல்முறையீட்டுக் குழு கிடையாது.

இதற்கு விடை தேடுமுன், காலத்தைக் கடத்தியதற்காகத் தோல்வி என்ற கருத்தே எவ்வளவு பிந்தியது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை சதுரங்கத்தில் கால வரையறை இல்லை. எதிராளியைச் சோர்வடையச் செய்யும் அளவுக்கு ஒரே நகர்த்தலுக்கு நெடுநேரம் சிந்திப்பது இயலக்கூடியதாக இருந்தது. அது அநாகரிகமாகக் கருதப்பட்டதேயன்றி விதிமீறலாகக் கருதப்படவில்லை. 1861இல் ஆண்டர்சன், கோலிஷ் இருவருக்கும் இடையே நடந்த போட்டியில் மணற்கடிகாரங்கள் பயன்பட்டன. 1867 பாரிஸ் போட்டியில் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டவர் செலுத்த வேண்டியிருந்தது அபராதப் பணமே. 1883 லண்டன் போட்டியில்தான் ஒன்று ஓடும்போது மற்றொன்று நிற்கும் இணைக் கடிகாரம் அறிமுகமாயிற்று. அபராதம் மறைந்து, காலம் தீர்ந்தால் ஆட்டமே தோல்வி என்ற விதி அதன்பின் படிப்படியாக உறுதிப்பட்டது.

இவ்விதியின் நியாயம் ஓர் எளிய அனுமானத்தின்மேல் நிற்கிறது. இருவரும் ஒரே மேசையில் அமர்ந்திருக்கிறார்கள். கை நீட்டினால் காய். அதற்கப்பால் கடிகாரத்தின் பொத்தான். ஆகவே கடிகாரம் அளப்பது ஆட்டக்காரரின் சிந்தனையை மட்டுமே. நகர்த்தலை முடிவு செய்வதற்கும் அது பலகையில் நிகழ்வதற்கும் இடையே மூன்றாவது ஆளோ பொருளோ இல்லை. அந்த அனுமானம் பொய்க்கும் இடத்தில் விதியின் நியாயமும் தளர்கிறது.

தொலைவிலிருந்து ஆடியவர்கள் இதை இணையத்துக்கு வெகு காலம் முன்பே உணர்ந்திருந்தனர். லண்டன், எடின்பரோ சதுரங்கக் கழகங்கள் 1824 முதல் 1828 வரை கடிதம் மூலம் மோதின. கடிதவழிச் சதுரங்கம் பின்னர் நிலைபெற்ற விதிகளைக் கொண்ட தனித்துறையாக வளர்ந்தபோது, அதன் அடிப்படை நெறிகளுள் ஒன்று இவ்வாறு அமைந்தது: எதிராளியின் கடிதம் கைக்கு வந்த நாள் முதல் விடை அனுப்பும் நாள் வரையே சிந்தனைக் காலம், அஞ்சல் பயணத்தில் கழிந்த நாட்கள் எவர் கணக்கிலும் சேரா. கடிதம் தொலைந்தால் மீண்டும் அனுப்ப வேண்டும். அஞ்சல் துறையின் தாமதத்துக்காக எவரும் தோற்கடிக்கப்படவில்லை. அஞ்சல் முத்திரையின் தேதி அங்கே சாட்சியாக இருந்தது என்பதும் கவனத்திற்குரியது. தாமதம் எவருடையது என்று கேட்டால் உறையே விடை சொல்லும்.

தந்தியும் வானொலியும் வந்தபின்னும் நெறி மாறவில்லை. 1945 செப்டம்பரில் அமெரிக்க அணியும் சோவியத் அணியும் நியூயார்க்கிலும் மாஸ்கோவிலும் இருந்தபடி வானொலி வழியாக ஆடின. சோவியத் அணி 15.5 - 4.5 என்ற கணக்கில் வென்றது. 1965இல் ஹவானாவில் நடந்த கபபிளாங்கா நினைவுப் போட்டிக்குச் செல்ல அமெரிக்க அரசு பாபி ஃபிஷருக்கு அனுமதி மறுத்தது. அவர் நியூயார்க்கின் மார்ஷல் சதுரங்கக் கழகத்தில் அமர்ந்து தொலையச்சு வழியாக ஆடினார். செய்தி போய்வரும் நேரத்தால் ஆட்டங்கள் வழக்கத்தைவிட மிகவும் நீண்டன. இருவரும் களைத்தனர், ஆனால் கம்பியில் கழிந்த நேரம் கம்பியுடையதாகவே கொள்ளப்பட்டது.

மேசையில் நடந்த சதுரங்கத்திலும் இதற்கு இணையான ஏற்பாடு ஒன்று இருந்தது. ஒத்திவைக்கப்பட்ட ஆட்டத்தில் அடுத்த நகர்த்தலை எழுதி உறையிலிட்டு நடுவரிடம் ஒப்படைப்பது வழக்கம். அவ்வுறை தொலைந்து, ஆட்டநிலையை மீட்டெடுக்க எவ்வழியும் இல்லையெனில், ஆட்டம் செல்லாததாகி மீண்டும் ஆடப்பட வேண்டும் என்றே வழிகாட்டு நெறி கூறுகிறது. இருவரில் எவரும் குற்றவாளி அல்லர் என்னும்போது இழப்பை ஒருவர் தலையில் ஏற்றாமல் ஆட்டத்தையே நீக்கிவிடுவது அதன் உட்கருத்து.

இனித் தரப்புள்ளி. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கியில் இயற்பியல் பேராசிரியராகப் பணியாற்றிய அர்பாத் எலோ வகுத்த முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960இலும் ஃபிடே 1970இலும் ஏற்றன. அதற்கு முன்பிருந்த முறைகளிலிருந்து எலோவின் முறை வேறுபடும் இடம் நுட்பமானது. அது சாதனைக்கு வழங்கும் பரிசு அன்று. திறனைப் பற்றிய புள்ளியியல் மதிப்பீடு. இருவரின் புள்ளி வேறுபாட்டிலிருந்து எதிர்பார்க்கப்படும் முடிவு கணிக்கப்படுகிறது: 200 புள்ளி கூடுதலாக உள்ளவர் நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ 76 புள்ளி பெறுவார். உண்மை முடிவு கணிப்பிலிருந்து விலகும் அளவுக்கு மதிப்பீடு திருத்தப்படுகிறது. சமபலமுள்ள இருவர் ஆடி, கே-காரணி 20 ஆக இருந்தால், வென்றவருக்குப் பத்துப் புள்ளி கூடும். தோற்றவருக்குப் பத்து குறையும்.

மதிப்பீடு என்றால், திறனைப் பற்றிய செய்தி எதுவும் இல்லாத நிகழ்வு அதில் சேரக்கூடாது. ஃபிடேவின் தரமதிப்பு விதிகள் இதை ஏற்கின்றன. எதிராளி வராததால் கிடைத்த வெற்றி போட்டிப் பட்டியலில் முழுப்புள்ளி. தரமதிப்பில் அது கணக்கில் வராது. இருவரும் ஒரு நகர்த்தலேனும் செய்த ஆட்டம் மதிப்பிடப்படும். ஆனால் மனித ஆற்றலுக்கு மீறிய இடர்ப்பாடு அதற்கு விலக்கு. போட்டியின் முடிவும் தரப்புள்ளியும் பிரிக்கத்தக்கவை என்ற கோட்பாடு விதிநூலிலேயே உள்ளது. இணைய ஆட்டத்தில் இவ்விரண்டும் மீண்டும் ஒன்றாக ஒட்டிக்கொண்டது எப்படி என்பதே இவ்வரலாற்றின் அடுத்த பகுதி.

1992 ஜனவரியில் டெல்நெட் வழியாக அணுகக்கூடிய இணையச் சதுரங்க வழங்கி செயல்படத் தொடங்கியது. எழுத்துகளால் வரையப்பட்ட பலகை, மெதுவான இணைப்பு, சில விநாடித் தாமதம் ஆகியவையே அதன் அன்றாடம். வழங்கியின் கடிகாரம் ஆட்டக்காரரின் சிந்தனையோடு வலைப்பின்னலின் தாமதத்தையும் சேர்த்தே அளந்தது. விரைவாட்டங்களில் இது பெரும் அநீதியாயிற்று. கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினியியலாளர் டேனியல் ஸ்லீட்டர் இதற்கு ஒரு தீர்வு கண்டார். நகர்த்தலுக்கு எடுத்த நேரத்தை ஆட்டக்காரரின் கணினியிலேயே அளந்து முத்திரையிட்டு அனுப்பும் 'டைம்ஸ்டாம்ப்' என்னும் சிறுநிரல் அது. 1995இல் அவ்வழங்கி கட்டணச் சேவையாக மாறி இன்டர்நெட் செஸ் கிளப் ஆனது. அதே ஆண்டு கட்டணமின்றித் தோன்றிய மாற்று வழங்கியும் 'டைம்சீல்' என்ற பெயரில் இதே உத்தியைக் கையாண்டது. பெயர்களே சொல்வதுபோல, இவை அஞ்சல் முத்திரையின் மறுபிறப்பு. பயணத் தாமதம் ஆட்டக்காரருடையதன்று என்ற பழைய நெறி புதிய ஊடகத்தில் மீண்டும் நிலைநாட்டப்பட்டது.

தாமதத்துக்கு விடை கிடைத்தது. முழுத் துண்டிப்புக்குக் கிடைக்கவில்லை. தாமதமான நகர்த்தல் இறுதியில் வந்துசேரும். தன் காலத்தைத் தானே சொல்லும். அறுந்த இணைப்பிலிருந்து எதுவும் வருவதில்லை. வழங்கிக்குக் கிட்டுவது மௌனம் மட்டுமே. மின்வெட்டு, மோடம் பழுது, தோல்வி நெருங்கியதால் வேண்டுமென்றே கம்பியைப் பிடுங்கியது ஆகிய எல்லாவற்றுக்கும் அந்த மௌனம் ஒன்றே.

தொடக்ககால வழங்கிகள் இம்மௌனத்தை மென்மையாகவே கையாண்டன. பதிவுபெற்ற இருவர் ஆடும்போது ஒருவர் துண்டிக்கப்பட்டால் ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டுச் சேமிக்கப்படும். இருவரும் மீண்டும் சந்திக்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒருவர் திரும்பவே இல்லையெனில் நிர்வாகியிடம் தீர்ப்புக் கோரலாம். இந்த மென்மையைச் சிலர் தவறாகப் பயன்படுத்தினர். தோற்கும் நிலையில் நழுவி, அதே எதிராளியை மறுபடி சந்திக்காமல் தவிர்ப்பவர்கள் பெருகினர். அதற்கு எதிர்வினையாக 'நோஎஸ்கேப்', அதாவது தப்பியோடத் தடை என்ற தெரிவு உருவாயிற்று. இருவரும் அதை முன்கூட்டியே ஏற்றிருந்தால், துண்டிப்பு தோல்வியாகும். துண்டிப்புக்குத் தோல்வி என்பது இங்கே இருவரும் அறிந்து செய்துகொண்ட ஒப்பந்தமாக இருந்தது. அனைவர் மேலும் சுமத்தப்பட்ட பொதுவிதியாக இன்னும் ஆகவில்லை.

2007இல் செஸ்.காம், 2010இல் லிசெஸ் ஆகியவை தோன்றி இணையச் சதுரங்கம் வெகுமக்கள் வழக்கானபோது அந்த ஒப்பந்தம் பின்னணிக்குச் சென்றது. மூன்று நிமிட ஆட்டத்தை ஒத்திவைத்து மறுநாள் தொடர எவரும் விரும்பார். எண்ணற்ற ஆட்டங்களுக்குத் தீர்ப்பளிக்க மனித நிர்வாகிகளாலும் இயலாது. எனவே குறிப்பிட்ட நேரம் இணைப்பு திரும்பாவிட்டால் ஆட்டம் கைவிடப்பட்டதாகக் கொள்ளும் தானியங்கி விதி நடைமுறைக்கு வந்தது. லிசெஸ் ஒரு வேறுபாட்டைத் தக்கவைத்துக்கொண்டது: எதிராளி மறைந்தால் வெற்றியைக் கோருவதா, சமநிலையை அளிப்பதா, காத்திருப்பதா என்ற முடிவு எஞ்சியிருப்பவரின் கையில் விடப்படுகிறது. நிர்வாகியின் இடத்தை எதிராளியின் மனச்சான்று நிரப்புகிறது எனலாம்.

இவ்விடத்தில் மொழி ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்குகிறது. தமிழில் 'இணைப்பு அறுந்தது' என்பது இயங்குவினை. 'இணைப்பை அறுத்தார்' என்பது இயக்குவினை. வேர் ஒன்றே, முதலாவதில் செய்பவர் இல்லை, இரண்டாவதில் உண்டு. உடைந்தது, உடைத்தார், கவிழ்ந்தது, கவிழ்த்தார் என இவ்விணைகள் தமிழ் வினையமைப்பு முழுவதும் பரவிக் கிடக்கின்றன. பழி சுமத்துவதற்கு முன் எந்தத் தமிழ்ப் பேச்சாளரும் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். வழங்கியின் விதிமொழி அத்தேர்வைத் தவிர்த்துவிடுகிறது. அது காண்பது அறுந்த இணைப்பை. எழுதுவது 'ஆட்டத்தைக் கைவிட்டார்' என்று. எழுவாய் இல்லாத நிகழ்வுக்கு எழுவாய் ஒன்று வழங்கப்பட்டு, அந்த எழுவாயின் கணக்கிலிருந்து புள்ளி கழிக்கப்படுகிறது.

தண்டனை சிறியதுதானே, பத்துப் புள்ளி இன்று போனால் நாளை வரும் என்பது வழக்கமான மறுமொழி. துண்டிப்பு எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் நிகழுமானால் அம்மறுமொழி சரியே. ஒருவர் தம் துண்டிப்பால் இழப்பதை எதிராளியின் துண்டிப்பால் திரும்பப் பெறுவார். ஆனால் துண்டிப்பு அவ்வாறு பங்கிடப்படுவதில்லை. சமபலமுள்ள இருவரில் ஒருவருக்கு மட்டும் நூறு ஆட்டங்களில் பத்து இணைப்பு அறுந்து தோல்வியாகின்றன என்று கொள்வோம். எஞ்சிய 90 ஆட்டங்களில் அவர் 45 புள்ளி பெறுவார். நூற்றுக்கு 45 என்பது எலோ சூத்திரப்படி ஏறத்தாழ 35 புள்ளி பின்தங்கியிருப்பதற்குச் சமம். இது ஒரு நாள் இழப்பன்று. அந்த இணைப்பு அப்படியே இருக்கும்வரை அவருடைய தரப்புள்ளி தங்கிவிடும் இடம். மேலும், அவருடைய புள்ளியை நம்பி அவரோடு இணைக்கப்படும் எதிராளிகள், இணைப்பு நிலைத்திருக்கும் ஆட்டங்களில் எதிர்பார்த்ததைவிட வலிமையான ஒருவரைச் சந்திக்கிறார்கள். ஒருவருடைய கம்பியின் பழுது பலருடைய மதிப்பீட்டைக் கறைப்படுத்துகிறது.

இந்தியச் சூழலில் இக்கணக்கு வெறும் எடுத்துக்காட்டு அன்று. தொலைத்தொடர்புச் சேவைகளைத் தற்காலிகமாக நிறுத்துவதற்கென்றே 2017இல் தனி விதிகள் வகுக்கப்பட்ட நாடு இது. 2021இல் ராஜஸ்தானில் ஆசிரியர் தகுதித் தேர்வின் முறைகேட்டைத் தடுக்கப் பல மாவட்டங்களில் கைபேசி இணையம் நிறுத்தப்பட்டது. ஜம்மு-காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் துண்டிக்கப்பட்ட அதிவேகக் கைபேசி இணையம் 2021 பிப்ரவரியில்தான் முழுமையாகத் திரும்பியது. இணைய ஒலிம்பியாட் நடந்த நாட்களில் அங்குள்ள பெரும்பாலான மாவட்டங்கள் 2ஜி வேகத்தில் இருந்தன. பள்ளிகளும் சதுரங்கக் கூடங்களும் மூடியிருந்த அவ்வாண்டில் இணையமே ஒரே ஆடுகளம். அங்கே ஒரு மாணவரின் தரப்புள்ளி குறைந்திருந்தால், அந்த எண் அவருடைய காய் நகர்த்தும் திறனோடு அவர் வாழும் மாவட்டத்தின் நிர்வாக ஆணையையும் சேர்த்தே அளந்தது.

இப்பின்னணியில் 2020இன் இரு தீர்ப்புகளை மீண்டும் வாசிக்கலாம். ஆர்மீனியாவின் வழக்கில், பழுது போட்டித் தளத்தின் பக்கம் நேர்ந்ததற்குச் சான்றில்லை என்பதால், ஆட்டக்காரரின் இணைப்புக்கு ஆட்டக்காரரே பொறுப்பு என்ற விதி நின்றது. ஆர்மீனியா அக்கணிப்பை ஏற்கவில்லை. இறுதிப்போட்டி நாளன்று அமெரிக்காவின் செஞ்சுரிலிங்க் நிறுவனத்தின் வலைப்பின்னல் பழுதாகி, அதையொட்டி கிளவுட்ஃபிளேர் சேவையும் பாதிக்கப்பட்டது. பல நாடுகளில் பல தளங்கள் முடங்கின. பழுதுக்கு வெளிச்சான்று இருந்தது. அவ்வளவு சான்று இருந்தும் மேல்முறையீட்டுக் குழு ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஃபிடே தலைவர் அர்காதி துவார்கோவிச் தம் முடிவாகவே இரு நாடுகளையும் வெற்றியாளர்களாக அறிவித்தார். ஒரு வகையில் இது அஞ்சல் முத்திரையின் தருக்கமே: சாட்சி கிடைத்தால் விடுதலை, கிடைக்காவிட்டால் தண்டனை. வேறுபாடு, பெரிய பழுதுக்குச் செய்தித்தாள் சாட்சியாகும். ஒரு தெருவின் மின்மாற்றி வெடித்ததற்கு எவரும் சாட்சியாக வருவதில்லை.

அதே ஆண்டு செஸ்ஸபிள் மாஸ்டர்ஸ் அரையிறுதியில் சீனாவின் டிங் லிரனுக்கு இணைப்பு அறுந்து ஆட்டம் தோல்வியானபோது, அடுத்த ஆட்டத்தில் மேக்னஸ் கார்ல்சன் தொடக்கத்திலேயே தம் அரசியை வேண்டுமென்றே இழந்து தோல்வியை ஒப்புக்கொண்டார். விதி தந்ததை அறம் திருப்பிக் கொடுத்த செயல் அது. பரவலாகப் பாராட்டும் பெற்றது. ஆனால் ஓர் உலகச் சாம்பியனின் பெருந்தன்மையை விதியின் இடத்தில் வைக்க முடியாது. திருப்பித் தர மனமிருப்பவருக்கும் கூட, தானியங்கி இணைப்பில் அதே எதிராளி இரண்டாம் முறை கிடைப்பதில்லை.

துண்டிப்புக்குத் தண்டனையே கூடாது என்பது இதன் முடிவு ஆகாது. தோற்கும் நிலையில் நழுவுபவர் புள்ளி இழக்கவில்லையெனில், வெற்றியின் விளிம்பில் இருந்த எதிராளி தமக்குரியதை இழக்கிறார். தொடக்ககால வழங்கிகளின் அனுபவமே இதற்குச் சான்று. முடிவு, மதிப்பீடு என்ற இரண்டையும் பிரித்தால் இச்சிக்கல் பெரிதும் தளரும். ஆட்டத்தின் முடிவை எஞ்சியிருப்பவருக்கே வழங்கலாம். அவர் காத்திருந்தார், இணைப்பைக் காத்தார். தரப்புள்ளியில் மட்டும் துண்டிப்பு நிகழ்ந்தபோதிருந்த நிலையைப் பார்க்கலாம். அக்காலத்தில் மனித நிர்வாகி உட்கார்ந்து ஆராய வேண்டியிருந்த நிலையை இன்று கணினி நிரல் நொடியில் மதிப்பிடுகிறது. தெளிவாகத் தோற்றுக்கொண்டிருந்தவருக்குப் புள்ளி குறையட்டும். நிலை சமமாகவோ துண்டிக்கப்பட்டவருக்குச் சாதகமாகவோ இருந்தால் அந்த ஆட்டம் மதிப்பீட்டில் சேராதிருக்கட்டும். நிரலின் கணிப்பு மனிதர் கடிகார நெருக்கடியில் ஆடுவதை முழுதும் பிரதிபலிக்காது என்பது உண்மை. ஆயினும், நிலையைப் பாராமலே தோல்வி என்று எழுதும் இன்றைய முறையைவிட அது உண்மைக்கு அருகில் நிற்கும்.

நோக்கத்தைப் பற்றிய ஐயத்துக்கும் புள்ளியியலே துணை. ஒற்றைத் துண்டிப்பு எதையும் நிறுவாது. தோற்கும் நிலைகளில் மட்டும் திரும்பத் திரும்ப இணைப்பை இழப்பவரின் பதிவு தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும்; வெல்லும் நிலையிலும் தோற்கும் நிலையிலும் ஒரே விகிதத்தில் இழப்பவரின் பதிவு அவருடைய கம்பியைப் பற்றியே பேசும். ஆட்டங்களை அடிக்கடி கைவிடுவோரைச் சில காலம் ஆடவிடாமல் தடுக்கும் வழக்கம் தளங்களில் ஏற்கெனவே உண்டு. அதற்கு வேண்டிய தரவு அவர்களிடம் இருக்கிறது என்பதே இதன் பொருள். அத்தரவைத் தண்டிக்கப் பயன்படுத்துவோர், விடுவிக்கவும் பயன்படுத்தலாம். ஆட்டத்தின் பதிவில் 'கைவிட்டார்', 'இணைப்பு அறுந்தது' என இரண்டு தனிக் குறிப்புகளைச் சேர்ப்பதிலிருந்து அதைத் தொடங்கலாம்.